இரண்டாவது மாதுளை

நான்கு தடவை மண்ணைத் தள்ளிய பிறகு நேசன் மண்வெட்டியை ரெனேயிடம் நீட்டினார். ரெனே கையை நீட்டவில்லை. மண்வெட்டி குழிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. சுற்றி நின்ற இருபத்தைந்து பேரும் அதைப் பார்த்தார்கள்.

“கையில தாறேல்லை,” என்று ரெனே தணிந்த குரலில் சொன்னார். “மண்ணில குத்தி விடும். நான் எடுக்கிறன்.”

குழிக்குள் இருந்தது நேசனின் மனைவி யூடித். ரெனே அவளுடைய அண்ணன். காலை ரயிலில் பாசலில் இருந்து வந்திருந்தார். அவர் பேசியது டொச்சில், ஜெர்மன் மொழியில். முப்பத்துமூன்று வருடப் பழக்கத்தில் நேசனின் காதுக்குள் அது தமிழாகவே விழும்.

நேசன் மண்வெட்டியைக் குவியலில் குத்தினார். சரிந்தது. இன்னொரு தடவை ஆழமாகக் குத்தினார். ரெனே அதை எடுத்து, அலகைத் திருப்பி, பின்புறத்தால் மண்ணை அள்ளினார். பின்புறத்தில் ஒரு பிடிதான் நின்றது. இந்த வேலையை யாரும் ஆசைப்பட்டுச் செய்யவில்லை என்று காட்டுவதற்காம் அது. துக்கத்தைக் கையிலிருந்து கைக்கு மாற்றக் கூடாது என்பதும் அப்படியொரு யூத வழக்கம். யூடித்தின் தகப்பனைப் புதைத்த நாளில் அவளே இதையெல்லாம் சொல்லித் தந்திருந்தாள். இன்று மறந்துபோயிற்று.

மறக்காத ஒன்று இருந்தது. காலையில் உடுப்பு மாற்றும்போது பழைய நீலச் சேட்டைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். செத்தவரின் சொந்தக்காரரின் உடுப்பை யூத குருவான ரபி நெஞ்சுப் பக்கத்தில் கிழித்து விடுவார் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. புதுச் சேட்டைக் கிழித்தால் யூடித்துக்குப் பிடிக்காது. புதைக்க முன்னர், கல்லறைத் தோட்டத்தின் சின்ன மண்டபத்தில், பெட்டிக்குப் பக்கத்தில், ரபி ரெனேயின் கோட்டில் வலது பக்கத்தைச் சின்னக் கத்தியால் வெட்டினார். மிச்சத்தை ரெனே தன் கையாலேயே இழுத்தார். சீலை கிழியும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. நேசன் கோட்டின் பொத்தான்களைத் திறந்துகொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். ரபி இளம் ஆள், நல்ல மனிதர். கத்தியை மடித்துவிட்டு நேசனின் முழங்கையைத் தொட்டார்.

“உங்களுக்கு இந்தக் கடமை இல்லை, நேசன்.”

நேசன் யூதரல்ல; பாரத்தை இறக்கி வைப்பது போலத்தான் அவர் அதைச் சொன்னார். நேசன் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டார்.

குழி நிறைந்ததும் வந்தவர்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்து நின்றார்கள். துக்கக்காரர் அந்த இடைவழியால் நடந்து போக வேண்டும். இரண்டு பக்கத்திலும் நிற்பவர்கள் ஆறுதல் வசனம் சொல்வார்கள். ரெனே நடந்தார். நேசனுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. வரிசையில் நின்றால் ரெனேக்கு ஆறுதல் சொல்பவர் ஆகிவிடுவார். நடுவால் நடந்தால், இத்தனை பேரையும் தனக்காக எபிரேயம் சொல்ல வைத்தது போல இருக்கும். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வரிசை கலைந்துவிட்டது.

வாசல் பக்கத்துத் தண்ணீர்க் குழாயடியில் தம்பித்துரை நின்றார். நேசனின் தம்பி. ஷாஃப்ஹவுசனில் இருந்து தனியே கார் ஓடி வந்தவர். கொடுத்த கறுப்புத் தொப்பி நிற்காததால் கைலேஞ்சியைத் தலையில் விரித்திருந்தார். கல்லறையை விட்டு வெளியேறும்போது கை கழுவ வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். இரண்டு கைபிடி வைத்த செம்பில் தண்ணீர் பிடித்து நேசனின் கைகளில் ஊற்றினார்.

“அண்ணை, தனியவோ இருக்கப் போறியள்?”

“ரெனே வீட்டை வாறார். கொஞ்ச நேரத்தில அவரும் போயிடுவார். இண்டைக்குப் பொழுதுபட்டா அவையின்ர வருசப்பிறப்பு.”

“செத்தவீட்டோட வருசப்பிறப்போ?”

“பெருநாள் வந்தா துக்கம் முடிஞ்சிடுமாம். ஏழு நாள் இருக்கவேண்டியது. இப்ப ஒரு மணித்தியாலம் இருந்தாக் காணும் எண்டு ரபி சொன்னவர்.”

தம்பித்துரை செம்பை வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்தார். காய்ந்த பிறகும் துடைத்தார்.

“அண்ணை, ஒண்டு சொல்லவேணும். குறை நினையாதேங்கோ. சனிக்கிழமை மிதுஷாவின்ர அரங்கேற்றம். ஹோல் எடுத்து எட்டு மாசம். ஊரிலயிருந்து மிருதங்கக்காரரும் வந்திட்டார். சுகந்தி ஐயருக்குப் போன் அடிச்சுக் கேட்டவ, எங்களுக்குத் துடக்கு இருக்கோ எண்டு.”

மிதுஷா தம்பித்துரையின் மகள், சுகந்தி மனைவி. துடக்கென்றால் முப்பத்தொரு நாள் தீட்டு. நல்ல காரியம் ஒன்றும் செய்யேலாது. அண்ணன் மனைவியின் சாவென்றால் தம்பி வீட்டுக்கு அது உண்டு.

“என்ன சொன்னவர்?”

“பதிவுக் கலியாணம்தானே, தாலி ஏறேல்லை, அவை வேற சமயம்... எங்களுக்குத் துடக்கில்லை எண்டு சொல்லிப்போட்டார்.”

“அப்ப நல்லது. பிள்ளை ஆடட்டும்.”

தம்பித்துரையின் முகத்தில் ஏதோ இளகியது. தலையில் இருந்த லேஞ்சியை எடுத்து நான்காக மடித்தார். கார்த் திறப்புக் கொத்தை அவர் கையில் எடுத்த பிறகு நேசன் கேட்டார்.

“எனக்கு இருக்கோ எண்டு கேட்டவவோ?”

தம்பித்துரை திறப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்களைப் பற்றிக் கேக்கேல்லை, அண்ணை.”

பும்பிளிட்ஸில் இருந்த வீட்டுக்கு நேசனும் ரெனேயும் டிராமில் போனார்கள். மூன்றாம் மாடி. கதவடியில், கால்துடைக்கும் விரிப்பின் மேல், ஒரு கூடை இருந்தது. உள்ளே அவித்த முட்டைகளும் வட்டமாகச் சுட்ட பாணும். துக்கவீட்டில் முதல் சாப்பாடு வெளியில் இருந்துதான் வர வேண்டும். யூத சபையின் பொருட்களுக்குப் பொறுப்பான திருமதி வைல் வைத்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்தில் ஒரு கட்டை மரமுக்காலி. துக்கம் இருப்பவர் உட்காருவதற்குச் சபை இரவல் கொடுப்பது. ஒன்றுதான் இருந்தது.

ரெனே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, முக்காலியை ஹோலின் நடுவில் வைத்து உட்கார்ந்தார். அறுபத்தெட்டு வயது, முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்தன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டேகால்.

“நானும் இருக்கலாமோ?” என்று நேசன் கேட்டார்.

“உமக்குக் கடமை இல்லை.” ரெனே சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “ஆனா இரும்.”

நேசன் கம்பளத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். இப்போது அவர் ரெனேயை விடத் தாழ்வாக இருந்தார். ரெனேக்கு அது சங்கடமாக இருந்தது போல. முக்காலியை விட்டு எழும்பப் பார்த்தார், முழங்கால் விடவில்லை.

“இருங்கோ. எனக்கு இது பழக்கம்.”

முட்டையை உரித்துச் சாப்பிட்டார்கள். உப்பு இல்லை. உப்புப் போத்தல் எட்டும் தூரத்தில் இருந்தும் யாரும் எடுக்கவில்லை. பேச்சும் இல்லை. துக்கக்காரர் வாய் திறக்கும் வரைக்கும் மற்றவர் பேசக் கூடாது. இருவரில் யார் துக்கக்காரர் என்று தெரியாததால் இருவரும் காத்திருந்தார்கள்.

மேசையில் பழத்தட்டு இருந்தது. இரண்டு ஆப்பிள், ஒரு மாதுளம்பழம். ரெனே அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கட அம்மா உந்த மாதுளம்பழத்தை ஒளிச்சு வைப்பா,” என்றார் கடைசியில். “வருசப்பிறப்பின்ர இரண்டாம் இரவுதான் வெட்டவேணும். அந்த வருசம் அதுவரைக்கும் வாயில வைக்காத பழமா இருக்கவேணும். புதுப் பழத்துக்கெண்டு ஒரு செபம் இருக்கு. யூடித்துக்கு அப்ப ஆறு வயசு. அலுமாரிக்குள்ள கண்டுபிடிச்சு அரைவாசியைத் திண்டுபோட்டாள். இரண்டாம் நாள் எல்லாரும் செபம் சொல்லேக்க அவள் வாயைத் திறக்கேல்லை. அப்பா ஏன் எண்டு கேட்டார். ‘எனக்கு இது புதுசில்லை’ எண்டாள்.”

ரெனே சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. கிழிந்த கோட்டுக்குள் அவருடைய தோள்கள் குலுங்கின.

முப்பத்துமூன்று வருடத்தில் நேசன் கேட்காத கதை அது. யூடித் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லையோ, இல்லை நாளைக்குச் சொல்வோம் என்று விட்டாளோ. இனிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அவருக்கும் ஒரு கதை இருந்தது. கலியாணம் முடித்த முதல் வருடம், இதே மேசை. யூடித் மாதுளம்பழத்தை வெட்டி வைத்துவிட்டு, “இதுக்குள்ள அறுநூற்றிப் பதின்மூன்று விதை,” என்றாள். “கடவுள் எங்களுக்குத் தந்த கட்டளை அவ்வளவும்.” நேசன் அப்போது ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. பின்னேரங்களில் அவள் நடத்திய டொச் வகுப்புக்குப் போய்த்தான் அவளைத் தெரியும். “எங்கட வீட்டில இந்தக் கோதை அவிச்சு வயித்தோட்டத்துக்குக் குடிக்கத் தருவினம்,” என்றார் அவர். பிறகு இருவருமாக எண்ணினார்கள். ஐந்நூற்று நாற்பத்தேழு. இரண்டாம் தடவை எண்ணியபோது இன்னும் குறைந்தது. நேசன் எண்ணிக்கொண்டே தின்றிருந்தார். அவள் விரலெல்லாம் சிவப்பாக இருக்க, அவர் வயிற்றைத் தொட்டுச் சொன்னாள். “அப்ப மிச்சக் கட்டளையள் உனக்குள்ள கிடக்கு.” அவளுக்குத் தெரிந்த தமிழில் அவர் எப்போதும் ‘நீ’ தான். தம்பித்துரைக்கு அது பிடிக்காது.

இதை ரெனேயிடம் சொல்ல வாயெடுத்தார். ரெனே கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றேகால் தாண்டி இரண்டு நிமிடம்.

“சரி,” என்று ரெனே தரையில் கையூன்றி எழுந்தார். “முடிஞ்சுது.”

துக்கத்தில் இருந்து எழுபவர் வீட்டை விட்டு இறங்கி ஒருமுறை சுற்றி நடந்து வர வேண்டுமாம். இருவரும் போனார்கள். குடியிருப்பைச் சுற்றி, சைக்கிள் நிறுத்துமிடம், கண்ணாடிப் போத்தல் போடும் தொட்டி, பிள்ளைகள் காப்பகத்தின் வேலி. ஏழு நிமிடம் ஆனது. ஏழு நாளைக்குரிய நடை.

கீழ்வாசலுக்குத் திரும்பி வந்ததும் நேசன் மேலே ஓடிப்போய் மாதுளம்பழத்தை எடுத்து வந்தார்.

“கொண்டுபோங்கோ. போன கிழமை துருக்கிக்காரன்ர கடையில வாங்கினது. அவ கேட்டவ.”

“அவளுக்கு வாங்கினதெல்லோ.”

“புதுசாச் சாப்பிட ஒரு ஆள் வேணும்தானே.”

ரெனே அதை வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டார். கிழிந்த பக்கம் இன்னும் தொங்கியது. கட்டிப்பிடிப்பதா கை கொடுப்பதா என்று தயங்கி, நேசனின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு டிராமுக்கு நடந்தார். பொழுதுபட முன்னர் அவர் பாசலில் இருக்க வேண்டும். முகம் மழித்து, வெள்ளைச் சேட்டு மாற்ற வேண்டும்.

வீடு அப்படியே இருந்தது. நேசன் முட்டைக் கோதுகளைக் கூட்டினார். தட்டுகளைக் கழுவினார். துடைத்து மேல்தட்டில் வைக்க அலுமாரிக் கதவைத் திறந்தபோதுதான், பின்னால் தள்ளி வைத்திருந்த துவாய்த்துண்டு மூட்டையைக் கண்டார்.

ஓ, இது.

யூத வேதச் சுருள் சுற்றியிருக்கும் மரத்தண்டுகள் இரண்டின் தலையிலும் பூட்டுகிற வெள்ளி ஆபரணங்கள். மாதுளைகள் என்றுதான் அவர்கள் அவற்றுக்குப் பெயர் சொல்வார்கள். கை முட்டி அளவு. உச்சியில் சின்ன முடி, கீழே தண்டில் செருகும் குழல், சுற்றிவரக் குட்டி மணிகள். ஒவ்வொரு வருடமும் வருசப்பிறப்புக்கு முன்னர் யூடித் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து மினுக்குவாள். பதினைந்து வருடமாக. பஞ்சுக் கையுறை, வெள்ளிக்குப் பூசும் களிம்பு, பழைய பல் பிரஸ். நேசன் எதிரில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். தொட்டதில்லை. தொடாதே என்று அவள் சொன்னதும் இல்லை. பழைய காலத்தில் தலைமைக் குருவின் அங்கி விளிம்பில் ஒரு மாதுளை, ஒரு மணி, ஒரு மாதுளை, ஒரு மணி என்று தைத்திருந்தார்களாம். அவர் மூலஸ்தானத்துக்குள் தனியே போவார். மணிச் சத்தம் கேட்டால் உயிரோடு இருக்கிறார் என்று வெளியில் நிற்பவர்களுக்குத் தெரியும். இப்படித்தான் அவள் சொல்வாள்.

மூட்டையை அவிழ்த்தார். ஒன்று பளபளத்தது. மற்றது மங்கிப் போய், மடிப்புகளில் கறுத்துக் கிடந்தது.

செப்டெம்பர் முதல் கிழமை அவள் தொடங்கியவள். வயிற்று வலி கூடி ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு திரும்பி வரவில்லை. திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டுத் தட்டைத் திறக்காமலேயே வைத்துக்கொண்டு, “மற்றது மிச்சம் கிடக்கு,” என்றாள். நேசன் சாப்பாட்டைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார். “கிடக்கட்டும், பிறகு சாப்பிடலாம்,” என்றார். அவள் கண்ணை மூடினாள். இரண்டு மணிக்கு முன்னர் போய்விட்டாள்.

மணி மூன்று ஆகப்போகிறது. பொழுதுபட முன்னர் இவை கோயிலில் இருக்க வேண்டும். திருமதி வைல் காலையில் வந்து கூடையை வைத்திருக்கிறார். போன் அடித்துக் கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார்.

நேசன் மேசையில் பழைய பேப்பரை விரித்தார். கையுறை அவர் கைக்குள் புகவில்லை. வெறும் கையோடு களிம்பைச் சீலையில் தொட்டு, குழலில் இருந்து தொடங்கினார். இருபத்தாறு வருடம் பெரிய குசினியில் பாத்திரம் மினுக்கிய கை அது. ஆனால் இங்கே மெதுவாகத் தேய்க்க வேண்டியிருந்தது. சீலை கறுத்தது. மணிகள் ஒவ்வொன்றாகச் சிணுங்கின. அந்தச் சத்தம் வீட்டுக்குள் வருடத்தில் இரண்டு நாள்தான் கேட்கும்.

அடிப்பக்கம், குழலும் குமிழும் சேரும் இடத்தில், ஒரு சின்னத் துண்டு மட்டும் முன்னரே தேய்த்திருந்தது. அந்த வெளிச்சத் துண்டின் நடுவில் ஒரு கறுப்பு அடையாளம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னல் பக்கம் திருப்பினார். விரல் அடையாளம். பெருவிரல். கோடுகள் சுழித்து, நடுவில் குறுக்கே ஒரு வெட்டு. தக்காளி வெட்டும்போது அவளுக்குப் பட்ட வெட்டு அது. கடைசியில் கை நடுங்கிச் சீலை நழுவுகிறதென்று அவள் கையுறையைக் கழற்றிவிட்டிருக்கிறாள். பிடித்த இடத்தில் மூன்று கிழமையாக விரல் கறுத்துப் பதிந்திருக்கிறது.

இரண்டு தேய்ப்புக்குக் கூடத் தாங்காது. போய்விடும்.

அவர் சீலையை வைத்தார். எழுந்து தண்ணீர் குடித்தார். திரும்ப வந்து மற்ற இடமெல்லாம் தேய்த்தார். முடி, மணிகள், இதழ்கள், குழலின் உள்பக்கம். பல் பிரஸால் மடிப்புகளைத் துடைத்தார். மாதுளை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எது அவள் செய்தது, எது தான் செய்தது என்று வித்தியாசம் தெரியவில்லை, அந்த ஓர் இடத்தைத் தவிர. அது ஐந்து ரப்பன் காசு அளவு. சீலையை எடுத்தார். வைத்தார். நான்கரை ஆனது.

அப்படியே துவாயில் சுற்றிக்கொண்டு இறங்கினார்.

யூதக் கோயிலின் வாசலில் பாதுகாப்புக்கு நின்ற இளைஞனுக்கு அவரைத் தெரியாது. கறுத்த ஆள், கையில் துவாய் மூட்டை, உள்ளே ஏதோ கிலுங்குகிறது.

“என்ன கொண்டுவாறீங்கள்?”

நேசன் வாயைத் திறந்து, மூடினார். மாதுளம்பழத்துக்கு டொச்சில் உள்ள பெயருக்குள் கைக்குண்டின் பெயரும் இருக்கிறது. குண்டுக்குப் பழத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்களாம். இந்த வாசலில் அந்தச் சொல்லின் முதல் பாதியைச் சொல்வதே பிழை. குண்டுகளுக்குத் தப்பி வந்த ஆள் அவர். அதைச் சொல்வதும் உதவாது.

“வெள்ளிச் சாமான்,” என்றார். “திருமதி வைலிட்ட குடுக்கவேணும். என்ர மனைவி யூடித்.”

பெயரைக் கேட்டதும் அவன் வழி விட்டான்.

உள்ளே எல்லாம் வெள்ளைக்கு மாறியிருந்தது. திரைச்சீலை வெள்ளை, மேசை விரிப்பு வெள்ளை. எழுபத்தெட்டு வயதுத் திருமதி வைல் ஒரு நாற்காலியில் ஏறி நின்று திரையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். நேசனைக் கண்டதும் இறங்கினார். மூட்டையைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“ஐயோ, நீங்கள் இண்டைக்கு... இன்னொரு சோடி இருக்கு, மரத்தில செய்தது. அதை வைப்பம் எண்டுதான் இருந்தனான்.”

“ஒண்டு அவ முடிச்சு வைச்சவ. மற்றது நான் செய்தன். சரியோ எண்டு பாருங்கோ.”

திருமதி வைல் கண்ணாடியை இறக்கிப் போட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். இரண்டாவதில் அவர் விரல் நின்றது. அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

“இதில கொஞ்சம் விடுபட்டிருக்கு.”

“அது விடுபடேல்லை.”

அவர் நேசனைப் பார்த்தார். பிறகு மறுபடி அந்த இடத்தை. சின்னப் பெருவிரல், குறுக்கே வெட்டு. பேழையைத் திறந்து, வெள்ளை உறை போட்ட சுருளின் தண்டுகளில் மாதுளைகளைச் செருகினார். இரண்டாவதைச் செருகும்போது அடையாளம் சுவர்ப்பக்கம் இருக்குமாறு திருப்பி விட்டார். மணிகள் அடங்கும் வரைக்கும் இருவரும் நின்றார்கள்.

“எங்கட ஆக்கள் ஒண்டு சொல்லுறவை,” என்றார் திருமதி வைல், கதவைச் சாத்திக்கொண்டே. “எங்களுக்குள்ள ஒண்டுமில்லாத வெறும் ஆள் எண்டு நினைக்கிறவனும், மாதுளம்பழம் மாதிரி உள்ளுக்குள்ள நிரம்பித்தான் கிடக்கிறானாம். அதைக் கேட்டா யூடித் சிரிப்பா. ‘என்ர வீட்டில ஒருத்தர் இருக்கிறார். ஒரு கட்டளையும் இல்லை. ஆனா ஒரு கிழமையாவது குப்பை போட மறந்ததில்லை’ எண்டு.”

நேசனுக்குச் சிரிப்பு வந்தது. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

“இருங்கோ. ஆறரைக்குத் தொடங்கும். பின் வரிசையில இருக்கலாம். பிறகு எங்கட வீட்டில சாப்பாடு.”

“இல்லை. நான் வாறன்.”

போகிறேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். யூடித்துக்கென்றால் விளங்கியிருக்கும். திருமதி வைல் அவர் திரும்பி வருவாரென்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

வெளியில் குடும்பங்கள் வரத் தொடங்கியிருந்தன. வெள்ளை உடுப்பு, தேய்த்த சப்பாத்து. ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள், எதிரில் வந்த நேசனுக்கும் சேர்த்து நல்ல வருடம் வாழ்த்திவிட்டுப் போனாள். “உங்களுக்கும்,” என்றார் நேசன். அவள் அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. எட்டரைக்கு வாசல் மணி அடித்தது.

கீழ்வீட்டு ஸ்டுக்கி நின்றார். ஓய்வு பெற்ற தபால்காரர். டெசினில் இரண்டு கிழமை விடுமுறை போய் முந்தாநாள்தான் வந்தவர். முகம் வெயிலில் சிவந்திருந்தது. கையில் மரக்கட்டை கோர்த்த திறப்பு.

“காலை வணக்கம். உடுப்புத் தோய்க்கிற அறை. நான் முடிச்சிட்டன். இண்டைக்கு உங்கட முறை.”

நேசன் திறப்பை வாங்கினார்.

“மெஷினின்ர பஞ்சு பிடிக்கிற வடியைத் துடைச்சு வைச்சிருக்கு. மனைவிக்கு என்ர வணக்கம் சொல்லுங்கோ.”

“ஓம்,” என்றார் நேசன். “சொல்லுறன்.”

படியில் ஸ்டுக்கியின் காலடி இறங்கித் தேய்ந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுவந்த பை இன்னும் படுக்கையறைக் கதவடியில் கிடந்தது. அதைத் திறந்து உடுப்புக் கூடைக்குள் கொட்டினார். ஓர் இரவு உடுப்பு, கம்பளிச் சொக்ஸ், ஒரு துவாய். மேலே தன் நீலச் சேட்டைப் போட்டார்.

நிலக்கீழ் அறையின் சுவரில் வருடம் முழுவதற்கும் முறைப் பட்டியல் தொங்கியது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, வியாழக்கிழமைகளில், யூடித்தின் சரிந்த எழுத்து. அவள் பெயரின் முதல் எழுத்து, ஒரு கூட்டல் குறி, அவர் பெயரின் முதல் எழுத்து. டிசெம்பர் பன்னிரண்டு வரைக்கும் எழுதி வைத்திருந்தாள்.

மெஷின் ஒரு மணி நேரம் ஓடியது. அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து அது சுற்றுவதைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் காயவைக்கும் அறையில் கொடிகளுக்கு நடுவே நின்று உடுப்புகளை உதறி உதறிப் போட்டார். துவாய். சொக்ஸ் சோடியாக. சேட்டு. இரவு உடுப்பைக் கீழ்விளிம்பில் பிடித்து, தலைகீழாக, கைகள் தொங்க, இரண்டு கிளிப் குத்தினார்.

இரண்டாவது கிளிப்பைக் குத்தும்போது நேரக் கணக்கில் எரியும் விளக்கு தானாக அணைந்தது. பொத்தான் கதவுப் பக்கம் இருந்தது. அவர் போகவில்லை. இருட்டில், சீமெந்துத் தரையில், சேட்டின் கீழும் இரவு உடுப்பின் கீழும், தண்ணீர் இரண்டு இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.